கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் எங்கே உட்கார வேண்டும், பெண் வீட்டார் எங்கே, எந்த மின்விசிறி யார் முகத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் சாமிக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பெரம்பலூரில் பந்தலும் நாற்காலியும் சீரியல் செட்டும் வாடகைக்கு விட்டே காலத்தை ஓட்டியவர். சம்பந்திகள் சண்டை போட்டுக்கொண்டால் ஐயரைக் குறை சொல்வார்கள், சமையல்காரரைக் குறை சொல்வார்கள். நாற்காலி போட்டவன் சரியில்லை என்பார் இவர். கால்பந்து இறுதியாட்டத்துக்கு இடம் பிரிக்கும் வேலையை விழாக் குழு இவர் தலையில் கட்டியதும் அதனால்தான்.

அது அவருடைய மகன் பெயரில் நடக்கும் போட்டி. பிரேம்குமார் பெரம்பலூரில் பிறந்து பெரம்பலூர் அணிக்கு ஆடியவன். அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்ததும் அங்கே விக்கிரமங்கலத்தில் பெண்ணெடுத்து, அரியலூர் அணிக்கே ஆடப் போய்விட்டான். துரோகி என்று இங்கே பல்லைக் கடித்தவர்கள் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஷிஃப்ட் முடிந்து பைக்கில் அப்பா அம்மாவைப் பார்க்க வந்துகொண்டிருந்தவனைச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி அடித்துப் போட்டது. செத்த மறுநாளே இரண்டு ஊரும் அவன் எங்கள் ஆள் என்று போஸ்டர் ஒட்டின. உயிரோடு இருந்தபோது இந்தப் பாசத்தை எங்கே வைத்திருந்தார்களோ தெரியவில்லை.

ஒரே மாவட்டமாக இருந்து, பிரிந்து, சேர்ந்து, மறுபடியும் பிரிந்த ஊர்கள் அவை. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டில் இருக்கிற உறவுதான் இரண்டுக்கும். போன வருடம் இறுதியாட்டத்தில் பரிசு கொடுக்கிற நேரத்தில் ஒருவன் ஏதோ சொல்ல, இன்னொருவன் ஏதோ கேட்க, சாமிக்கண்ணுவின் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆகாயத்தில் பறந்தன. ஒரு பையனுக்கு மண்டை உடைந்தது. இந்த வருடமும் அதே இரண்டு அணிகள்தான் இறுதியாட்டத்துக்கு வந்து நின்றன.

"ரெண்டு ஊர்க்காரங்களும் தனித்தனியா உக்காரணும், தனித்தனி கேட்டு. எப்படிப் பிரிப்பீங்கன்னு சொல்லுங்க, பர்மிஷன் தரேன்" என்றார் எஸ்.ஐ. பரிமளா.

ஸ்டேடியத்தில் இருப்பது நீளமாக ஒரே கேலரி. ஒரு பக்கம் மட்டும் தகரக் கூரை, மற்றதெல்லாம் வெயில். கூரை நமக்கு, வெயில் அவர்களுக்கு என்றான் திருமுருகன். பிரேம்குமாரோடு சின்ன வயதிலிருந்து பந்து உதைத்தவன், இப்போது விழாக் குழுச் செயலாளர்.

"வந்தவங்கள வெயில்ல காயப் போட்டுட்டு நாம நெழல்ல உக்காந்தா நாளைக்கு நம்மள யாருடா மதிப்பான்? கூரை மொத்தமும் அவங்களுக்கு. நடுவுல ஒரு ஆள் படுக்கற அகலத்துக்குக் காலியா விட்டு, ரெண்டு பக்கமும் சவுக்குக் கட்ட நட்டுக் கயிறு கட்டிருவோம்" என்றார் சாமிக்கண்ணு.

"உக்கார வெச்சிருவீங்க. ஆட்டம் முடிஞ்சதும் என்ன செய்யறது? போன வருஷம் அப்பத்தான அடிச்சுக்கிட்டாங்க?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"கல்யாணத்துல என்னங்கம்மா செய்யறோம்? வந்தவங்களுக்குத்தான் மொதப் பந்தி, மொத வழியனுப்பு. விசில் ஊதுனதும் அரியலூர்க்காரங்கள மரியாதையா வண்டி ஏத்தி அனுப்பிருவோம். அப்புறம் டீமுக்காரங்கள மட்டும் வெச்சு நெதானமா பரிசு குடுத்துக்கலாம்."

எஸ்.ஐ. முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. அதையே நிபந்தனையாக எழுதிக் கொடுத்துவிட்டார். சாமிக்கண்ணுவுக்கும் பெருமை பிடிபடவில்லை.

இடம் பிரித்ததில் அவருடைய சொந்தக் காரியம் ஒன்றும் இருந்தது. மருமகள் நந்தினியையும் பேத்தி இனியாவையும் அவர் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நந்தினியின் அப்பா மகளை அழைத்துப் போக வந்து நின்றபோது, சாமிக்கண்ணு வாயை அடக்காமல் ஒன்று சொல்லிவிட்டார். "ஒங்க பொண்ண கூட்டிட்டுப் போங்க, எங்க கொழந்தய விட்டுட்டுப் போங்க." தாய் மடியிலிருந்த பிள்ளையைப் பிடுங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தார் என்று அந்த வீட்டில் ஆனது. பெற்ற மகனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தவன் பேச்சு அது என்று யாரும் தள்ளுபடி செய்யவில்லை. அதன் பிறகு போக்குவரத்து இல்லை.

இப்போது நந்தினிக்கு மறுமணம் பேசி முடித்திருக்கிறார்கள். ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. கேள்விப்பட்டபோது சாமிக்கண்ணுவுக்குக் கோபம் வரவில்லை. இருபத்தேழு வயதுப் பெண் எத்தனை நாளைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நல்லா இருக்கட்டும் என்று மனதாரத்தான் நினைத்தார். ஆனால் இனியா ஓசூருக்குப் போய்விடுவாள். வேறொருவரை அப்பா என்று கூப்பிடப் பழகிவிடுவாள். அப்புறம் என்ன உரிமையில் இவர் போய்க் கதவைத் தட்டுவது? அதற்கு முன்னால் ஒரே ஒரு சாயங்காலம் அவருக்கு வேண்டியிருந்தது. பிள்ளை தன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வேண்டும், அப்பன் பெயர் போட்ட கோப்பையை அவள் கையால் கொடுக்க வேண்டும், பிறகு வீட்டுக்கு வந்து அவள் அப்பத்தா அமிர்தவல்லி கையால் இரண்டு பணியாரம் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் கேட்டார் மனிதர்.

அமிர்தவல்லி மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மகன் பெயரை மைக்கில் கேட்க அவளால் ஆகாது. "நான் வூட்டுலயே இருக்கேன். நீங்க நேர்ல போயிக் கூப்புடுங்க. பழம் வாங்கிட்டுப் போயி வாசல்ல நில்லுங்க. மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுனாலும் வாங்கிக்கிட்டு, கூப்புட்டுட்டு வாங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அவரும் ஒரு நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு கிளம்பினார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் விக்கிரமங்கலம் பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் கால் வைக்கப் போனவருக்குத் தான் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. எந்த முகத்தோடு அந்த வாசலில் நிற்பது என்று யோசித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது. சாத்துக்குடியைப் பெரம்பலூருக்கே திருப்பிக் கொண்டுவந்தார். மறுநாள் திருமுருகனைக் கூப்பிட்டு, அரியலூர் அணிக் கேப்டன் அசோக் மூலமாக நந்தினிக்குக் குடும்பத்தாருக்கான பாஸ் கொடுத்தனுப்பச் சொன்னார். அசோக்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

கேலரியின் அடிவாரத்தில், பெரம்பலூர் பக்கத்தில், கயிற்றை ஒட்டி ஒரு சின்ன ஷாமியானா போட்டு மூன்று நாற்காலி வைத்தார். பிளாஸ்டிக் இல்லை, மணமக்களுக்குப் போடுகிற சிவப்பு மெத்தை நாற்காலி. ஒன்று தனக்கு, ஒன்று நந்தினிக்கு, நடுவில் பிள்ளைக்கு. மருமகள் என்றால் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்தான். எத்தனையோ பந்தலில் அப்படித்தான் உட்கார வைத்திருக்கிறார். நந்தினியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே அவருக்குப் படவில்லை.

ஆட்டத்தன்று மதியத்திலிருந்தே கூட்டம் சேர ஆரம்பித்தது. பெரம்பலூருக்குப் பக்கத்துக் குரும்பலூர்க்காரன் ஒருவன் அரியலூர்ப் பெண்ணைக் கட்டியவன். புருஷன் ஒரு பக்கத்துக்கும் பெண்டாட்டி மறு பக்கத்துக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, உள்ளே வந்ததும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கயிற்றருகே நின்று மல்லுக்கு நின்றார்கள்.

"டிக்கெட் எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் தம்பி. அரை நாளு அவங்க பொறந்த வூட்டுல இருக்கறதா நெனச்சுக்க. ஒருத்தருக்காகக் கயித்தத் தூக்குனா அப்புறம் கயிறு எதுக்கு?" என்றார் சாமிக்கண்ணு. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளே கைதட்டினார்.

அரியலூர் வேன்கள் வந்து இறங்கின. சாமிக்கண்ணு பெரம்பலூர் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பெண் வரும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நந்தினி வரவில்லை. அணிகள் மைதானத்துக்குள் இறங்கின. காலியாக இருந்த சிவப்பு நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, கட்சிக்காரர் ஒருவர் உட்காரலாமா என்று கேட்டார். "ஆள் வருது" என்று எரிந்து விழுந்தார் சாமிக்கண்ணு.

அப்போதுதான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கூரைக்குக் கீழே, அரியலூர்ப் பெண்களுக்கு நடுவில் நந்தினி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அரியலூர் அணியின் மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண்பிள்ளை. பனியன் அதற்கு முழங்கால் வரைக்கும் தொங்கியது. நெற்றியும் காதும் அப்படியே பிரேம்குமார். கூட்டத்தோடு சேர்ந்து அது "பெரம்பலூரு போண்டி" என்று கத்திக்கொண்டிருந்தது. பெரம்பலூர்க்காரர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். சாமிக்கண்ணு ஒருவர்தான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

முதல் பாதி ஆட்டத்தில் பந்து எங்கே போனது, யார் உதைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. பிள்ளை தண்ணீர் குடித்ததும், காலை ஆட்டியதும், தூக்கம் வந்து கண்ணைக் கசக்கியதும் தெரியும். இடைவேளை விட்டதும் எழுந்துபோய்க் கயிற்றருகே நின்றார். நந்தினி பார்த்துவிட்டாள். பிள்ளையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமா. அத்த எப்படி இருக்காங்க?"

"இருக்கா. நீ... இந்தப் பக்கம் ஒனக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கேம்மா. பாஸ் குடுத்தனுப்பிச்சேனே."

"பாஸ் வந்துச்சு மாமா" என்றாள் நந்தினி. "ஆள் வரலையே."

அதில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

"ரெண்டு வருஷத்துல ஒருநாளாச்சும் நீங்களோ அத்தையோ வந்து நிப்பீங்கன்னு பாத்தேன். என்னைக் கூப்புட வேணாம், கொழந்தயப் பாக்கவாச்சும் வருவீங்கன்னு. கேப்டன் கையில பாஸ் வருது. நான் என்ன ஒங்க வூட்டுக்கு விருந்தாளியா மாமா? அதான் எங்கூருக்காரங்ககூட எங்கூரு டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்தேன்."

"வந்தேம்மா. அரியலூரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். அன்னிக்கு நான் சொன்னது... அத நெனச்சாக் காலு எழும்ப மாட்டேங்குது. தப்புத்தாம்மா. பெரிய தப்பு."

நந்தினி தலை குனிந்துகொண்டாள். கண் நிறைந்திருந்தது. அவர் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "இப்ப வாம்மா, பாப்பாவத் தூக்கிட்டு வா" என்றார்.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "என்னங்க ஐயா, எங்களுக்கு ஒரு சட்டம், ஒங்களுக்கு ஒரு சட்டமா? என் பொண்டாட்டிய அந்தப் பக்கம் வெச்சிட்டு நான் இங்க தனியாக் காயறேன்." குரும்பலூர்க்காரன்தான். நாலு பேர் சிரித்தார்கள், நாலு பேர் கூச்சல் போட்டார்கள். கான்ஸ்டபிள் தயக்கத்தோடு நெருங்கி வந்தார். சாமிக்கண்ணு கயிற்றை விட்டுவிட்டார்.

"இருக்கட்டும் மாமா, எதுக்குப் பிரச்சன" என்றாள் நந்தினி. "மேச்சு முடியட்டும். பரிசு குடுக்கறப்ப கொழந்தயத் தூக்கிட்டு அங்க வரேன். அவ அப்பா பேரு போட்ட கப்பு, அவளே குடுக்கட்டும்."

"அப்புறம் ஒரு நடை வூட்டுக்கும்..."

"வரேன் மாமா. அத்தையப் பாத்துட்டுத்தான் போவேன்."

அந்த மனிதர் தன் நாற்காலிக்குத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்துவிட்டது. அமிர்தவல்லிக்குப் போன் போட்டு, "மாவ ஆட்டி வெச்சிட்டியா? புள்ள வருது" என்றார். திருமுருகனைக் கூப்பிட்டு, கோப்பை கொடுக்கப் பேத்தி பெயரை மைக்கில் கூப்பிடச் சொன்னார். கடைசி நேரத்தில் அரியலூர்க்காரன் ஒரு கோல் போட்டபோது எழுந்து நின்று கைதட்டிவிட்டார். பின்னால் இருந்து வசவு விழுந்தது, அவர் காதில் ஏறவில்லை. தான் போட்ட நிபந்தனை ஒன்று இருப்பதும் அந்த சந்தோஷத்தில் அவருக்கு மறந்தே போயிற்று.

விசில் ஊதினார்கள். அரியலூர் ஜெயித்துவிட்டது. அடுத்த நொடி போலீஸ் கூரைக்குக் கீழே இறங்கியது. "அரியலூர்க்காரங்க எல்லாரும் கெளம்புங்க, நேரா வண்டிக்குப் போங்க" என்று எஸ்.ஐ. பரிமளாவின் குரல். பெரம்பலூர் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில்கள் பறக்க ஆரம்பித்தன. மஞ்சள் பனியன்கள் மொத்தமாக எழுந்து கேட்டைப் பார்த்து நகர்ந்தன. அந்த நெரிசலில் நந்தினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

சாமிக்கண்ணு எஸ்.ஐ.யிடம் ஓடினார். "அம்மா, ஒரே ஒரு பொண்ணு, ஒரு கொழந்த. எம் மருமவம்மா. அவங்கள மட்டும் நிறுத்துங்க."

"ஐயா, பாட்டில் வருது பாருங்க. ஒருத்தர நிறுத்துனா அத்தன பேரும் நிப்பாங்க. நீங்க சொன்ன வழிதான இது" என்றார் எஸ்.ஐ. மரியாதையாகத்தான் சொன்னார். அதில் தவறும் ஒன்றுமில்லை.

அரியலூர் கேட் வழியாக இவரை விடமாட்டார்கள். பெரம்பலூர் கேட் வழியாக வெளியே வந்து, காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடுகிற வயசா அது? மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது முதல் வேன் கிளம்பிவிட்டிருந்தது. இரண்டாவது வேனின் ஜன்னலோரம் நந்தினி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எறங்குமா. நான் ராத்திரி கார் வெச்சு அனுப்பறேன்."

"எறங்க விட மாட்டேங்கறாங்க மாமா. கல்லு வேற விட்டெறியறாங்க, கொழந்தய வெச்சிக்கிட்டு பயமா இருக்கு."

"அப்ப நாளைக்கு நான் வரேன். அத்தையையும் கூட்டிட்டு வரேன், விக்கிரமங்கலத்துக்கே வரேன்."

நந்தினி ஜன்னலை ஒட்டிக் குனிந்தாள். பிறகு அக்கம்பக்கத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "வேணாம் மாமா. மாப்பிள்ள வூட்டுல பழைய ஒறவு எதுவும் தொடரக் கூடாதுன்னு சொல்லித்தான் பேசி முடிச்சிருக்காங்க. எங்கப்பா தலையாட்டிட்டாரு. இன்னிக்குக்கூட மேச்சுக்குன்னு சொல்லாம, பிரெண்டு வூட்டுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னிக்கு ஒரு நாளுதான் மாமா இருந்துச்சு."

பிள்ளைக்கு எதிரில் அழக் கூடாது என்று சாமிக்கண்ணு அழுகையை அடக்கிக்கொண்டார். இனியா இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வயதில் பார்த்த முகம், எப்படித் தெரியும்?

"நீங்க பெரம்பலூரா?" என்று கேட்டாள்.

"இல்ல தங்கம்" என்றார். "நானும் அரியலூருதான்."

"அப்ப ஏன் அந்தப் பக்கம் உக்காந்துருந்தீங்க?"

"இந்தப் பக்கம் எனக்கு எடம் கெடைக்கல."

பிள்ளை அதை நம்பவில்லை. "எங்க பக்கம் நெறைய எடம் இருந்துச்சே. அடுத்த வாட்டி வாங்க. நான் ஒங்களுக்கு எடம் போட்டு வெக்கிறேன்" என்றாள். நந்தினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

அந்த நேரம் பார்த்து ஸ்டேடியத்துக்குள் மைக் அலறியது. திருமுருகனுக்கு இங்கே நடப்பது எப்படித் தெரியும்? சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தான். "கோப்பையை வழங்க, நமது பிரேம்குமாரின் அன்பு மகள், செல்வி இனியா அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்."

பிள்ளை சட்டென்று நிமிர்ந்தாள். "அம்மா, எம் பேரச் சொல்றாங்க. எறங்கலாம்மா. எம் பேரச் சொல்றாங்கம்மா." வேன் நகரத் தொடங்கியது. இனியா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நந்தினி மாமனாரைப் பார்த்தாள்.

சாமிக்கண்ணு வேனோடு கூடவே நாலு எட்டு நடந்தார்.

"அது நீ இல்ல தங்கம்" என்றார். "அது வேற பாப்பா. எங்க வூட்டுப் பாப்பா. அழாமப் போயிட்டு வா."

இனியா அழுகையை நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வேன் அரியலூர் ரோட்டில் ஏறியது. உள்ளே மைக்கில் திருமுருகன் பேத்தி பெயரை மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.